விழுந்த பிறகும்

விளையாடி விழுந்தவர்களுக்குத் தெரியும், விழுந்ததும் ஒரு நொடி ஓய்வு உண்டு. விசில் ஊதியாயிற்று, இனி யாரும் தொட மாட்டார்கள் என்று உடம்பு தளர்ந்துவிடும். பள்ளி நாட்களில் ஹாக்கி ஆடியபோது அந்த ஒரு நொடியை நம்பித்தான் நான் பயமில்லாமல் ஓடினேன். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃப்ரிட்ஸ் போலார்டுக்கு அது கிடைக்கவேயில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும்; எதிரணி மடக்கித் தள்ளும். தள்ளியதோடு விட வேண்டும். கறுப்பரான போலார்ட் விழுந்தால் மட்டும் விட மாட்டார்கள், ஒருவர் மேல் ஒருவராக வந்து விழுவார்கள். அதனால் விழுந்த வேகத்திலேயே மல்லாந்து புரண்டு, குமிழ் வைத்த பூட்ஸ் கால்களை மேலே தூக்கிக்கொள்வார். பாய வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான் இல்லையா? சிகாகோவில் அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்த காலத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றவர் அவர். எத்தனையோ ஓட்டங்களைப் பற்றிப் படித்தும், என் மனதில் நிற்பது அந்தக் கால்கள்தான்.

பிறந்தது 1894இல். ஆள் உயரமில்லை, 75 கிலோ இருப்பார், அவ்வளவுதான். பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக 1916 புத்தாண்டு அன்று சேறான மைதானத்தில் ரோஸ் பௌல் என்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பர் அவரே. ஆட்டம் தோல்வி, 14-0. ஆனால் அதே ஆண்டின் அடுத்த பருவத்தில் யேல், ஹார்வர்ட் இரண்டையும் பிரவுன் வீழ்த்தியது. அதுவும் அடுத்தடுத்த வாரங்களில்.

அப்புறம் ஓஹாயோவின் அக்ரன் ப்ரோஸ் அணி. பின்னாளில் என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) என்று பெயர் மாறிய தொழில்முறை லீக், 1920இல் தொடங்கியது. முதல் பட்டம் அக்ரனுக்கே: 8 வெற்றி, 3 சமன், தோல்வியே இல்லை. அப்படி ஜெயித்துக் கொடுத்தவர், ஆட்டத்துக்கு உடை மாற்றச் ஒரு சுருட்டுத் தொழிற்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, அடுத்த ஆண்டே அந்த அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் ஆனார். லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்.

1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பர்கூட இல்லை. போலார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பர்களின் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் மகனோ 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்.

போலார்டுக்குப் பின் என்.எஃப்.எல். தலைமைப் பயிற்சியாளரான அடுத்த கறுப்பர் ஆர்ட் ஷெல். ஆண்டு 1989. போலார்ட் 1986இல், 92 வயதில் காலமாகிவிட்டார். மூன்றே வருடம்!

கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் புகழ் மண்டபத்தில் 2005இல்தான் அவரைச் சேர்த்தார்கள். அக்ரனிலிருந்து அங்கே போகக் காரில் அரை மணி நேரம்.