பாக்கெட்டின் பின்பக்கம்

பிஸ்கட் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். புது பாக்கெட் டிசைன் அச்சுக்குப் போகும் முன், லேபிளை 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறைகளோடு வரிவரியாக ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

விதிகளைக் குறை சொல்ல மாட்டேன். மூலப்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். முன்பக்கம் கோதுமையைப் பெருமையாகக் காட்டினால், உள்ளே அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். கதிர் படம் போட்ட பாக்கெட்டைத் திருப்பினால் பட்டியலில் மைதா முதலில் நிற்பது தெரிவது இந்த விதிகளால்தான்.

என்னை உறுத்துவது சர்க்கரைக் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராம் என்று வைத்துத்தான் லேபிளில் சதவீதம் போடுகிறோம். 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை உள்ள பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 15 கிராம் என்று கணக்கிட்டால் 8 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 15 கிராம் என்பது ரெண்டு மூணு பிஸ்கட். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை அதோடு நிறுத்துமா? 100 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் பாதி நாள் அளவு போய்விட்டது, அதுவும் பெரியவர் கணக்கில்.

'எல்லாம் அச்சிட்டுத்தானே இருக்கிறது, படித்து வாங்குவது அவரவர் பொறுப்பு' என்று ஆபீஸில் அடிக்கடி சொல்வார்கள். சரி, எந்த மொழியில் படிப்பது? லேபிள் விவரங்கள் இங்கிலீஷிலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் கம்பெனியின் விருப்பம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு அம்மா மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து என்ன செய்வார்? அவர் தலையில் பொறுப்பைச் சுமத்துவது நியாயமே இல்லை.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு வரம்பைத் தாண்டினால் பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கும் அது புரியும். இங்கே 2022-இல் வந்த விதி வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாலும் பார்ப்பவருக்கு அது பாராட்டாகத்தான் தெரியும்.

தமிழில் நாலு வரி சேர்க்கலாமே என்று கேட்டால், இடமில்லை என்பதுதான் எப்போதும் பதில். கதிர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.