குண்டாஸை உடைப்பது தேதியும் பக்கமும்தான்

விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்கும் குண்டர் தடுப்புச் சட்டத்தை, அதாவது குண்டாஸைப் போட்டுவிட்டார்கள் என்று ஓடி வரும் குடும்பம் முதலில் சொல்வது, "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்பதைத்தான். அடைத்தது சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் அந்த வாதம் அநேகமாக எடுபடாது. அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு அரசுக்குப் போட்ட கடிவாளம், அடைக்கும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறை விதிகளில்தான் இருக்கிறது. அங்கேதான் பிடிக்க வேண்டும்.

குண்டாஸ் என்கிற தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டப்படி, கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால், அடைத்த 5 நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் உத்தரவை ஆராயும் குழுவான அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். அங்கே வக்கீலாக நின்று வாதாட முடியாது. வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ உடன் நிற்கக் கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

காரணங்களும் ஆவண நகல்களும் சேர்த்துச் சிறையில் தரும் புக்லெட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலில் ஓரம் வெட்டுப்பட்டு வரி பாதியில் நிற்கும். முத்திரை விழுந்த இடம் கறுத்துப்போய்த் தேதி தெரியாது. அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் ரிமாண்ட் (நீதிமன்றக் காவல்) உத்தரவுக்குத் தமிழாக்கம் இருக்கிறதா? தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு அது தரப்படாததற்காகவே, பவணம்மாள் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. "இதேபோன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவரும் வெளியே வந்துவிடுவார்" என்ற வரியையும் தேடுங்கள். எந்த வழக்கு, என்ன தேதி என்று சொல்லாமல் எழுதியிருந்தால், அப்படி விவரமில்லாத உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றத்தின் 2011-இன் ரேகா தீர்ப்பு கைகொடுக்கும்.

உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் முறையீட்டு மனுவைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். அரசு ஒப்புதல் தரும்வரைதான் உத்தரவு போட்ட அதிகாரியே அதை ரத்து செய்ய முடியும். அதனால் அவருக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அந்த மனுவின் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அரசு தரும் தேதிப் பட்டியலில், விடுமுறை நாள் கழித்து, விளக்கமில்லாத சில நாள் மிஞ்சினாலும் உத்தரவு விழலாம். வக்கீல்கள் நாங்கள் நிதானமாக உட்கார்ந்து எண்ணுவது அந்த நாட்களைத்தான்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: குண்டாஸுக்குக் காரணமான மூல வழக்கின் ஜாமீன். குண்டாஸ் ரத்தானாலும் "வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால்" விடுவிக்கச் சொல்லித்தான் உத்தரவு வரும். ஜாமீன் மனுவையும் கூடவே நடத்துங்கள். இல்லையென்றால் தீர்ப்பு கையில் இருக்கும், ஆள் உள்ளேயே இருப்பார்.