சிங்கராஜ வனத்தில் ஒரு மூத்த வழிகாட்டியோடு: நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 17, குடாவ

மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட ஆசிரியர் குழு, கலவானை வழியாக இன்று மாலை, இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டு வாயிலிலுள்ள குடாவ கிராமத்தை வந்தடைந்தது. இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நான், சிங்களத்தில் விளக்கம் சொல்லும் உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் தமிழ் பேசும் பயணிகளுக்கும் நடுவில் நின்று பேசும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நானும் ஒருநாள் இந்தக் காட்டின் வழிகாட்டியாக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆகவே இக்குறிப்புகளில் காட்டைப் பற்றி எழுதுவதை விட, காட்டைக் காட்டுகிறவரைப் பற்றி எழுதவே விரும்புகிறேன்.

வழிகாட்டியின்றி எவரும் சிங்கராஜ வனத்துக்குள் நுழைய முடியாது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதி அது. நுழைவுச் சீட்டோடு சேர்த்து அறவிடப்படும் ஒரு கட்டணமாகவே பலர் இவர்களைக் கருதுகிறார்கள். எங்களுக்கு வாய்த்த மூத்த வழிகாட்டியோ இதே கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரோடு கித்துள் பனையேறிப் பதநீர் இறக்கியும், பிரம்பும் மரமஞ்சளும் தேடியும் இக்காட்டைப் பழகியவர். பின்னர் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியாளராக நடந்து, விஞ்ஞானப் பெயர்களையும் கற்றுக்கொண்டார்.

இரவுணவுக்குப் பிறகு அவர் எல்லோருடைய கால்களையும் பார்த்தார். அட்டைக் கடிக்கு அஞ்சிச் சிலர் சித்தாலேப தைலத்தை முழங்கால் வரை பூசியிருந்தார்கள். கடும் வாசனைத் தைலங்களை விட, நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையே போதுமானது என்றும், காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும் என்றும் அவர் சொல்லிக் கொடுத்தார். சிவப்பு நிற மேலங்கி கொண்டுவந்த ரீச்சரிடம், அதை விட மங்கலான நிறம் இருந்தால் நாளைக்கு அணியுமாறு மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

2025 பெப்ரவரி 18

காலை ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் கண்ணில் படவில்லை. பின்வரிசையில் வந்த இளம் ஆசிரியர்கள் கைபேசிகளை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வழிகாட்டி எவரையும் கடிந்துகொள்ளவில்லை, எதையேனும் காட்டி அவர்களை மகிழ்விக்க அவசரப்படவும் இல்லை. பாதையோரத்து மரமொன்றின் அடியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அவை மேட்டிலிருந்து இறங்குகின்றன. நாங்கள் இங்கேயே நிற்போம், அவையாகவே எங்களிடம் வரும்" என்றார்.

வந்தது ஒரு கலப்புப் பறவைக் கூட்டம். முதலில் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கிளைக்குக் கிளை தாவி, காய்ந்த இலைச் சுருள்களைக் குடைந்தபடி ஓயாத சலசலப்போடு வந்தன. அவற்றுக்குச் சற்று மேலே, கொண்டையும் பிளவுபட்ட நீண்ட வாலும் கொண்ட இலங்கைக் கரிச்சான் அமர்ந்திருந்து, சிலம்பன்கள் கிளப்பிவிட்ட பூச்சிகளைப் பாய்ந்து பிடித்தது. நிலத்தில் சாம்பல் தலைச் சிலம்பன்கள் சருகைப் புரட்டின. உச்சிக் கிளைகளில் ஒரு சோடி செம்முகப் பூங்குயில்கள் சத்தமே இல்லாமல் நகர்ந்தன. அவற்றை வழிகாட்டி விரலால் சுட்டவில்லை. "அந்தப் பட்ட கிளையிலிருந்து இடப்பக்கமாக இரண்டாவது கவர், அதற்கு ஒரு முழம் மேலே" என்று இடம் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டார்கள். பத்துப் பேர் ஒரே திசையில் கை நீட்டினால் அப்பறவைகள் பறந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

திடீரென்று கரிச்சான் குரலை மாற்றியது. கரகரத்த அந்த ஒலி எழுந்த கணத்தில் முழுக் கூட்டமும் அசையாமல் நின்றது. வழிகாட்டி எங்களை வானத்தைப் பார்க்கச் சொன்னார். மரங்களுக்கு இடையிலிருந்த சிறு இடைவெளியில் ஒரு வல்லூறு கடந்து போனது. அது போன பிறகு முதலில் ஒரு சிலம்பனும், அதன்பின் மற்றவையும் பேசத் தொடங்கின.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த சரத் கொட்டகம 1981 ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கூட்டங்களை ஆராயத் தொடங்கியதையும், உலகில் நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டு வரும் கலப்புப் பறவைக் கூட்டங்களுள் இவையும் அடங்கும் என்பதையும் அவர் நடக்கும்போதே சொன்னார். சராசரியாக ஒரு கூட்டத்தில் நாற்பது பறவைகள் வரை, பத்துப் பன்னிரண்டு இனங்கள் இருக்குமாம். பின்னர் கொட்டகமவும் எபன் குடேலும் செய்த சோதனைகளில், கரிச்சான் தன் குரலோடு கூட்டத்திலுள்ள பிற பறவைகளின் குரல்களையும் கலந்து பாடும்போது அதிகமான பறவைகள் அதனை நாடி வந்தது தெரிய வந்தது. இக்காட்டில் ஒரு குரல் எழுந்தால் அதைக் கேட்பவை நம்புகின்றன, நம்பி இடம் பெயர்கின்றன. இன்று நான் அறிந்துகொண்டவற்றுள் இதையே பெரிதாக எண்ணுகிறேன்.

2025 பெப்ரவரி 19

மதியத்துக்குப் பிறகு பெருமழை. ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் காட்டில், உலர் மாதம் எனப்படும் பெப்ரவரியிலும் இது வழக்கமானதுதான்.

மழைக்கு முன் பாதையோரத்தில் ஒரு கூம்பு மூக்கு ஓணானைக் கண்டோம். மூக்கின் நுனியில் உருண்டையான புடைப்பும், மஞ்சள் தொண்டைப் பையும் கொண்ட அந்தப் பச்சை ஓணான், மார்பளவு உயரத்தில் ஒரு மெல்லிய தண்டைக் கட்டிப்பிடித்திருந்தது. சீண்டினால் அது சிவந்த வாயைத் திறந்து காட்டும். பிடித்தால் செத்தது போல் கிடக்கும். படம் எடுப்பவர்களுக்காகச் சில இடங்களில் இப்படிச் செய்ய வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வழிகாட்டி எல்லோரையும் இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் பார்க்க விட்டு, அதன் பின் நகர்த்தினார். கண் மட்டும் எங்கள் பக்கம் சுழல, ஓணான் கடைசி வரை வாயைத் திறக்கவேயில்லை.

மாலையில் விடுதியின் தாழ்வாரத்துக்கு அருகில், நகத்தளவு புதர்த் தவளையொன்று ஈர இலையில் அமர்ந்திருந்தது. இவ்வகைத் தவளைகளுக்கு நீரில் நீந்தும் வாற்பேத்தைப் பருவம் கிடையாது. அந்த வளர்ச்சி முட்டைக்குள்ளேயே முடிந்து, உருவான சிறு தவளை வெளியே வருகிறது. ஓராசிரியர் பாடப்புத்தகப் படத்தை நினைவுபடுத்தி மறுத்துப் பேசினார். அவர் கேள்விகளை முடிக்கும் வரை வழிகாட்டி பொறுமையோடு பதில் சொன்னார். குளமில்லாத சரிவில், நிலமே எந்நேரமும் ஈரமாக இருப்பதால்தான் இவ்வாழ்க்கை முறை இயலுகிறது என்றும், மரங்களை அகற்றி வெயில் படவிட்டால் முதலில் மறைவது இத்தகைய உயிர்களே என்றும் அவர் விளக்கினார்.

2025 பெப்ரவரி 20

இன்று நடந்ததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

குழுவில் இருவர் செரண்டிப் ஆந்தையைக் காண்பதற்காகவே இப்பயணத்தில் சேர்ந்தவர்கள். 1995 இல் கித்துல்கலைக் காட்டில் பறவையியலாளர் தீபால் வரக்காகொட அறியாத ஒரு குரலைக் கேட்டார். ஆறாண்டுகள் கழித்து, 2001 ஜனவரியில் இதே சிங்கராஜ வனத்தில் அப்பறவையைக் கண்டார். 2004 இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1868 க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம் அதுவே. ஒரே குரலைப் பின்தொடர்ந்து ஒருவர் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆந்தை பகலில் தங்கும் புதர் எங்கே என்பது எங்கள் வழிகாட்டிக்குத் தெரியும். ஆயினும் அவர் இன்று அங்கு அழைத்துச் செல்ல மறுத்தார். முந்திய இரண்டு நாட்களும் வேறு குழுக்கள் அங்கு போயிருந்தன. அந்தச் சரிவில் பாதை கிடையாது. ஏறுவோரின் கால்பட்டு நாற்றுகள் மிதிபட்டுவிட்டன. இன்றும் நெருங்கினால் பறவை அவ்விடத்தைக் கைவிடக்கூடும் என்றார். கூடுதல் பணம் தருவதாக ஒருவர் சொன்னபோது, "காசுக்காகச் சொல்லவில்லை சேர். அடுத்த மாதமும் அது அங்கே இருக்க வேண்டும்" என்று தலையைத் தாழ்த்தியபடியே பதில் சொன்னார். கைபேசியிலிருக்கும் ஒலிப்பதிவைப் போட்டாவது அழைக்கலாமே என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை நுழைந்துவிட்டதாக எண்ணி, உணவு தேட வேண்டிய பொழுதில் அது இல்லாத எதிரியைத் தேடி அலையும். நேற்று முன்தினம் கரிச்சானிடம் நாங்கள் கண்டதை அவர் நினைவூட்டியபோது, கேட்டவரே தம் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கு ஈடாக, பாதைக்கு மிக அருகிலேயே பகலில் உறங்கும் ஒரு சோடித் தவளைவாயன் பறவைகளைக் காட்டினார். ஒன்று சாம்பல், மற்றது செம்பழுப்பு. இரண்டும் ஒடிந்த கொப்பின் முனை போல ஒட்டி அமர்ந்திருந்தன. அவற்றைக் கடந்து நாள்தோறும் ஆட்கள் நடப்பதால், நாங்கள் வந்ததற்காக அவை புதிதாக அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மாலையில், விடுதிக்கு அப்பாலுள்ள காட்டோரத்தில் ஆந்தையின் குரலைக் கேட்டோம். மெல்ல நடுங்கும் ஒற்றைச் சுரம். சிறிது நேரம் மௌனம். மீண்டும் அதே சுரம். காண வேண்டுமென்று வந்த இருவரில் ஒருவர் இதில் நிறைவடைந்தார். மற்றவரின் ஏமாற்றம் தீரவில்லை. தொலைதூரத்திலிருந்து விடுமுறையெடுத்து, செலவு செய்து வந்தவருக்கு அந்த உணர்வு நியாயமானதே. ஆயினும் வழிகாட்டியின் முடிவு சரியென்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையைச் சில பருவங்களில் எவரும் கற்றுவிடலாம். கண்டுபிடித்த இடத்துக்கு ஆட்களை அழைத்துப் போகாமல் இருக்கும் துணிவுதான் தேர்ந்தவரை அடையாளம் காட்டுகிறது.

2025 பெப்ரவரி 21

கடைசி நடை. குடாவ வாயிலிலிருந்து உள்ளே செல்லும் அகன்ற பாதையில் நடப்பவர்கள், அதன் வரலாற்றை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். 1970 களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் ஏற்றிச்செல்வதற்காக இயந்திரங்களைக் கொண்டு வெட்டப்பட்ட பாதை அது. மக்களின் எதிர்ப்பு வலுத்து, 1977 இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமாகவும் இவ்வனம் அறிவிக்கப்பட்டது.

வெட்டப்பட்ட பகுதியும் வெட்டப்படாத பகுதியும் சந்திக்குமிடத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, வேறுபாட்டை நாங்களே சொல்லும்படி கேட்டார். முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரு பக்கமும் பச்சைதான். பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. ஒரு பக்கத்தில் மரங்கள் ஏறத்தாழ ஒரே பருமன், தரையில் வெளிச்சம் அதிகம், கொடிகள் அடர்த்தி. மறுபக்கத்தில் பெருமரங்களின் கீழ் இருள், இடைவெளி விட்டு நிற்கும் மெல்லிய கன்றுகள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும் கண்ணுக்குத் தெரிகிற தழும்பு இது.

வனத்தின் எல்லையில் அரண் போல நடப்பட்ட பைன் மரங்களின் கீழ், மழைக்காட்டு மரக்கன்றுகளை வளர்த்து மீட்க முடியும் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் தம் சக ஆய்வாளர்களோடு காட்டினார்கள். 1993 இல் அமைக்கப்பட்ட 25 ஹெக்டேயர் ஆய்வு நிலத்தில், ஒரு சென்ரிமீற்றர் பருமனுள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரமும் இலக்கமிடப்பட்டுள்ளது. அவை இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். இத்தகைய பணிகளில் கிராமத்தவர்களின் பங்கு பெரியது. இலையை முகர்ந்து, பட்டையைக் கீறிப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

திரும்பும் வழியில் வழிகாட்டி பேசிக்கொண்டே, ரோமம் படர்ந்த இலையுடைய சிறு செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். கிளிடீமியா என்னும் அமெரிக்கச் செடி அது; கருநீலப் பழங்களைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதால், வெளிச்சம் விழும் பாதையோரமெல்லாம் பரவுகிறது. ஆசிரியர்கள் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாங்களும் பிடுங்கத் தொடங்கினார்கள். அவர் ஒவ்வொரு கையிலும் இருந்ததைச் சரிபார்த்த பிறகே அடுத்ததைப் பிடுங்க விட்டார், ஏனெனில் அதை ஒத்த சுதேசச் செடிகளும் அங்கே உண்டு.

2025 பெப்ரவரி 23, இறக்குவானை

மார்ச் மாதத்தில் ஹட்டனிலிருந்து ஒரு மாணவர் குழு வரவிருக்கிறது. அவர்களின் பொறுப்பாசிரியருக்கு இன்று கடிதம் எழுதினேன். முதல் நாள் மாலையிலேயே குடாவ வந்து தங்க வேண்டும். விடியலைத் தவறவிட்டு முற்பகலில் நுழைபவர்களுக்கு வழிகாட்டி எவ்வளவு தேர்ந்தவராயினும் காட்டக்கூடியது மிகக் குறைவு. ஒரு வழிகாட்டியோடு பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பறவைகளின் ஒலிப்பதிவுகளைக் காட்டுக்குள் ஒலிக்க விடுவதில்லை என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காணவேண்டியவற்றின் பட்டியல் கேட்டிருந்தார். அதை அனுப்பவில்லை, காரணத்தை எழுதினேன்.

கட்டணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். நாளொன்றுக்கு எத்தனை குழுக்களை அழைத்துச் செல்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு வழிகாட்டியின் வருமானம் அமையுமானால், அவர் விரைந்து நடக்கவும், கேட்டதையெல்லாம் காட்டவும் தள்ளப்படுவார். நிதானமாக நடப்பவருக்கு நாள் முழுவதற்குமான கூலியைக் கொடுப்பதுதான் நியாயம். அதைக் கொடுக்கப் பாடசாலை சம்மதித்திருக்கிறது.

குழுவை இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பிரிவை முதற் கிலோமீற்றர் வரை நானே நடத்திச் செல்லலாம் என்றும், தான் பின்வரிசையில் வருவதாகவும் மூத்த வழிகாட்டி தொலைபேசியில் சொன்னார். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். கரிச்சான் மெய்யாகவே எச்சரிக்கும் குரலையும், அது பிற பறவைகளைப் போலிசெய்யும் குரல்களையும் நான் பிரித்தறியப் பழகியிருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கு எனப்படும் மேல் பிரிவுக்கு அப்பால் காடு தொடங்கும் இடத்தில் கரிச்சான்கள் உண்டு. நாளை காலை கொழுந்து நிறுவைக்கு முன்பே அங்கு போகிறேன்.