மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குப் புறப்படுபவர்

என் கணவருக்கு அல்சைமர் நோய் என்று உறுதியானபோது அவருக்கு வயது 54. எங்கள் இளைய மகன் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். மொரிஷியசில் துணி ஆலையொன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர் மாதக் கடைசிக் கணக்கை முடிக்க முடியாமல் திணறியதுதான் முதல் அறிகுறி. அதை மறதி என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அதிலேயே ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. தைராய்டு கோளாறோ வைட்டமின் பி12 குறைபாடோ இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெளிந்து, எம்.ஆர்.ஐ. படமும் நீண்ட நினைவாற்றல் சோதனையும் முடிந்த பின்னரே நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். இந்த வயதிலா என்று கேட்டேன். 1906இல் அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்நோயை முதன்முதலாக விவரித்ததே அவுகுஸ்டே டெட்டர் என்ற பெண்ணை வைத்துத்தான் என்றும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அந்தப் பெண்ணுக்கு வயது 51 என்றும் அவர் சொன்னார். அது ஆறுதலாக இல்லை; ஆனால் அதன்பின் நான் வாதாடவில்லை.

மகள் கேட்டது வேறு கேள்வி: "எனக்கும் வருமா?" ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 என்னும் மூன்று மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் மாற்றத்தால் இந்நோய் வரும் குடும்பங்கள் உண்டு, அவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் இளவயதில் நோய் கண்டவர்களிலும் பெரும்பாலோர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். என் கணவரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இப்படி வந்ததில்லை.

டொனெபெசில் மாத்திரை அறிகுறிகளைச் சில காலம் மட்டுப்படுத்துமே தவிர நோயைக் குணமாக்காது என்றும், உடற்பயிற்சியோ உணவோ மனப்பயிற்சியோ நோயை நிறுத்திவிடும் என்று தம்மால் உறுதி கூற முடியாது என்றும் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படியானால் அவற்றை எதற்குச் செய்வது என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

தொடக்கத்தில் எல்லாம் தவறாகப் போயிற்று. ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். அங்கிருந்தவர்கள் அனைவரும் எழுபது, எண்பது வயதினர். மென்பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டில் உட்காரவைக்கப்பட்ட என் கணவர், அம்மா வயதுள்ளவர்களோடு என்னை ஏன் விட்டுவந்தாய் என்று கேட்டார். நல்ல உடல்வலுவும், வேலைக்குப் போக வேண்டும் என்ற தவிப்பும் உள்ள ஒருவருக்கு அந்த இடம் பொருந்தவில்லை. தமிழாசிரியையான நானோ வீட்டையே வகுப்பறையாக்கினேன். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டேன். இன்று என்ன கிழமை என்று காலையும் மாலையும் கேட்டேன். பயிற்சித் தாள்கள் பிரெஞ்சில் இருந்தன. வீட்டில் அவர் பேசுவதோ இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல். அவர் தாள்களை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

நோயாளிகள் அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர்தான் என்னைத் திருத்தினார். பதில் தொலைந்துபோயிருக்கக்கூடிய எந்தக் கேள்வியையும் கேட்காதீர்கள் என்றார் அவர். ஒன்றைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமென்றால், பதிலை முதலிலேயே சொல்லிவிட்டு, அரை நிமிடம் கழித்துக் கேட்க வேண்டும். சரியாக வந்தால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். தவறினால் உடனே பதிலைச் சொல்லி முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். "கைப்பேசி எங்கே?" "சட்டைப் பையில்." இந்த ஒன்றே ஒன்றைக் கற்பிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பல மாதங்கள் அது நிலைத்தது.

மாலை நேரம்தான் பெரும் பாடாக இருந்தது. நான்கு மணியானால் மேசைமேல் உள்ள தாள்களையெல்லாம் பையில் அடுக்கி, வீட்டுக்குப் போக வேண்டும், கார்ச் சாவியைக் கொடு என்பார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் ஏறும். (கார் ஓட்டக் கூடாது என்று சொல்லும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டு, எழுத்தில் வாங்கியிருந்தேன். மனைவி சொன்னால் அது சண்டை; மருத்துவர் சொன்னால் சட்டம்.) முன்பு என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்பு என்ன ஆயிற்று என்று இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னார் தெரபிஸ்ட். எழுதியதைப் படித்தபோதுதான், அது அவர் அலுவலகத்தில் மேசையை ஒதுக்கிப் புறப்படும் நேரம் என்பது எனக்கு உறைத்தது.

அதன்பின் மூன்றரைக்கே நாங்கள் புறப்பட்டோம். அவர் தம் பையை எடுத்துக்கொள்வார். காத்ர் போர்ன் நகரில் மெட்ரோ ரயில் ஏறி, கியூர்பிப் நகரில் இறங்கி, த்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாயின் விளிம்புச் சாலையை இரண்டு முறை வேகமாகச் சுற்றுவோம். வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற பரிந்துரை அதிலேயே நிறைவேறிவிடும். ஐந்தரை மணி மெட்ரோவில், வேலை முடிந்து வருபவர்களிடையே நின்றுகொண்டு அவரும் வீடு திரும்புவார். கியூர்பிப் மழையைச் சொல்லவே வேண்டாம்; இருவரும் குடையோடுதான் நடந்தோம். அந்த மாதம் சாவிச் சண்டை இரண்டு முறைதான் வந்தது; இரவில் தூக்கமும் சீரானது.

உணவில் பெரிய மாற்றம் செய்யவில்லை. அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் முன்பே இருந்ததால், அவற்றைக் கட்டுக்குள் வைப்பதே மூளைக்குச் செய்யும் உதவி என்றார்கள். தேநீரில் சர்க்கரையையும் மாலையில் கடையில் வாங்கும் காதோ பிமா என்னும் மிளகாய் போட்ட பருப்பு வடையையும் நிறுத்தி, இங்கு ப்ரெட் முரூம் என்று விற்கும் முருங்கைக் கீரையையும் மீனையும் கூட்டினேன்.

பதினைந்து வயது முதல் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர் அவர். கூட்டத்தில் திசை தடுமாறுவார் என்று அஞ்சி, சென்ற ஆண்டு காவடியைத் தோளில் ஏற்றாமல் கட்டும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்கலாம் என்று அவருடைய அண்ணன் யோசனை சொன்னார். பத்து நாள் விரதத்தின்போது காலையில் இருவரும் திண்ணையில் அமர்ந்து மூங்கிலை வளைத்து, ஓலை கட்டி, பூ வைத்தார்கள். கிழமை சொல்லத் தெரியாதவரின் விரல்கள் முடிச்சைத் தவறாமல் போட்டன. கைப்பழக்கமாகக் கற்றவை மற்ற நினைவுகளைவிட நெடுநாள் தங்கும் என்று தெரபிஸ்ட் விளக்கினார். கோர் த கார்ட் மலைக் கோயிலுக்கு அந்தக் காவடியை மகன் எடுத்தான். அவர் பக்கத்தில் நடந்தார்.

நோய் நிற்கவில்லை. கைப்பேசி பற்றிய பதில் இவ்வாண்டு போய்விட்டது; அதைக் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். எரிமலைவாயை இப்போது ஒரு முறைதான் சுற்றுகிறோம். பையை மட்டும் நாள்தோறும் தாமே எடுத்துக்கொள்கிறார்.