லிட்டில்ஃபிங்கர் விழுந்த இடம்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவித் தொடர் முடிந்ததே 2019இல், அதனால் கதையைச் சொல்லிக் கெடுக்கிறேன் என்று யாரும் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்னும் பார்க்காத ஆட்கள் இதோடு நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் கதைக்கப்போவது ஏழாவது சீசனின் கடைசி எபிசோடில் லிட்டில்ஃபிங்கர் செத்த விதத்தைப் பற்றி.

லிட்டில்ஃபிங்கர் என்பது பட்டப்பெயர். பீட்டர் பேலிஷ் என்கிற இந்த ஆளுக்குப் படை இல்லை, பெரிய குடும்பம் இல்லை, வாள் பிடிக்கவும் பெரிதாக வராது. ஆனால் அந்த நாட்டையே எரித்த சண்டைக்குத் திரி கொளுத்தியது அவர்தான். லைசாவைக் கொண்டு அவளுடைய புருஷன் ஜோன் அரினுக்கு நஞ்சு கொடுக்க வைத்து, ராணியின் குடும்பமான லானிஸ்டர்கள்தான் கொன்றார்கள் என்று அவளைக் கொண்டே அக்கா கேட்லினுக்கு, அதாவது நெட் ஸ்டார்க்கின் மனைவிக்கு, கடிதமும் எழுத வைத்தார். இது எங்களுக்குத் தெரியவருவதே நாலாவது சீசனில். அதுவரைக்கும் முதலாவது சீசன் முழுக்க நாங்கள் லானிஸ்டர்களைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம்!

திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற ஓகஸ்ட் மாதம் பகலில் வெளியே தலை காட்ட ஏலாது, அதனால் கதவைச் சாத்திவிட்டு நானும் தங்கச்சியும் லப்டொப்புக்கு முன்னால் குந்திவிடுவோம். அந்த எபிசோட் அமெரிக்காவில் 2017 ஓகஸ்ட் 27 ஞாயிறு இரவு வந்தது, எங்களுக்கு அது திங்கட்கிழமை. அதற்கு முந்தின எபிசோட்களில் கேட்லினின் மகள்மார் சான்சாவும் ஆர்யாவும் முட்டிக்கொண்டதைப் பார்த்து நான் பயந்துபோயிருந்தேன். சான்சா சின்ன வயதில் கட்டாயத்தின் பேரில் எழுதின பழைய கடிதம் ஒன்றை ஆர்யாவின் கண்ணில் படுகிற மாதிரி லிட்டில்ஃபிங்கர் ஒளித்து வைத்த பிறகு, அக்கா தங்கை ரெண்டு பேரில் ஒன்று சாகத்தான் போகிறது என்று நினைத்தேன். தங்கச்சி மட்டும் அப்போதே சொன்னாள்: “அண்ணா, இந்த ஆள் எப்பவும் ஒவ்வொருத்தரோடயும் தனியத்தான் கதைக்கும், கவனிச்சியா? ரெண்டு பேரை ஒண்டா வைச்சு ஒரு நாளும் உண்மையைக் கதைக்கிறேல்ல.”

அதுதான் விஷயம். நெட் ஸ்டார்க்கிடம் ஒரு கதை, ராணி செர்சேயிடம் ஒரு கதை, கேட்லினிடம் அவளுடைய மகன் பிரானைக் கொல்ல வந்தவனின் கத்தி லானிஸ்டர் வீட்டு டிரியனுடையது என்று ஒரு கதை. கேட்டவர்கள் ஒரே அறையில் இருந்து தங்களுக்குள் கதைத்துப் பார்க்காத வரைக்கும்தான் அந்த மூளைக்கு மதிப்பு. ஸ்டார்க்குகளின் கோட்டையான விண்டர்ஃபெல் மண்டபத்தில் முதல் முறையாகச் சான்சாவும் ஆர்யாவும் பிரானும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

அந்தக் காட்சியில் லிட்டில்ஃபிங்கராக நடித்த எய்டன் கில்லனின் முகத்தைப் பாருங்கள். ஆர்யாவை விசாரிக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் சுவரோரமாக நிற்கிறார், வாயோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு. சான்சா கொலை, துரோகம் என்று குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, என்ன பதில் என்று கேட்டு, ஆர்யாவைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை மெல்ல இவர் பக்கம் திருப்புகிறாள். சிரிப்பு ஒரே அடியாகப் போகாது. கண்ணில் முதலில் குழப்பம், அப்புறம்தான் வாய் இறங்கும். பிறகு மறுத்துப் பார்க்கிறார், வேல் நாட்டுத் தளபதி ரோய்ஸிடம் தன்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகக் கட்டளையிட்டுப் பார்க்கிறார், கடைசியில் முழங்காலில் விழுந்து அழுகிறார். அந்த அழுகை நடிப்பில்லை என்றுதான் நான் நம்புகிறேன். கேட்லின் மீதும் சான்சா மீதும் அந்த ஆளுக்கு இருந்த ஆசை உண்மை. ஆனாலும் அதே சான்சாவைத்தான் கொடூரன் ராம்சே போல்டனுக்குக் கட்டிக்கொடுத்தார், அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கத்தியின் கணக்கும் அழகு. பிரானைக் கொல்ல ஒருத்தன் கொண்டுவந்த அதே வலீரிய உருக்குக் கத்தியை, பிரானை வளைத்துப்போட லிட்டில்ஃபிங்கரே அவனுக்குக் கொடுத்தார், பிரான் அதை ஆர்யாவிடம் கொடுத்தான், ஆர்யா அதாலேயே கழுத்தை அறுத்தாள். எட்டாவது சீசனில் பிணப்படையின் தலைவன் நைட் கிங்கை முடித்ததும் அதே கத்திதான்.

எங்கள் ஆட்களுக்கு உடனே சகுனிதான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடச் சகாதேவன் ஞாபகம் வந்தான். பாண்டவர்களில் கடைசித் தம்பி, நடந்ததும் நடக்கப்போவதும் தெரிந்தும் கேட்டால் ஒழியச் சொல்லாதவன் என்று எங்கள் பக்கத்துக் கதைகளில் வருமே, அவன்தான் பதினெட்டாம் நாள் போரில் சகுனியைக் கொல்கிறான். இங்கே அறிவு, நடந்ததையெல்லாம் மனக்கண்ணால் காண்கிற பிரானிடம், கை ஆர்யாவிடம். சொல்லச் சொல்லிக் கேட்கிற வாய் சான்சாவிடம்.

ஆனால் ஒரு குறை எனக்கு இப்போதும் இருக்கிறது. சான்சா போய்ப் பிரானிடம் உதவி கேட்கிற காட்சி ஒன்று எடுக்கப்பட்டு, பிறகு வெட்டப்பட்டதாகப் பிரானாக நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டெட் ரைட் பேட்டியில் சொன்னார். அதை வைத்திருக்க வேண்டும். அதிர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கும், சரி, ஆனால் இத்தனை வருஷமாக ஏமாந்த பிள்ளை எந்த நிமிஷத்தில் கணக்கைப் போட்டு முடித்தாள் என்று பார்க்கிற சந்தோஷம் கிடைத்திருக்கும். அவளுடைய மிகப் பெரிய வெற்றியைக் கதவுக்குப் பின்னால் நடத்தி முடித்துவிட்டார்கள். மற்றது, அந்த மண்டபத்தில் பிரான் சொன்னதைத் தவிர வேறு சாட்சியே பெரிதாக இல்லை. லைசாவை லிட்டில்ஃபிங்கர் நிலாக் கதவு என்கிற மரணப் பள்ளத்துக்குத் திறக்கிற வாசலால் தள்ளினதைச் சான்சா கண்ணால் கண்டாள், அது ஒன்றுதான் நேரடிச் சாட்சி.

அந்த ஆள் போன பிறகு எட்டாவது சீசனில் சூழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுதான் என் கவலை. நெருப்பும் பனியும் படையும் நிறைய இருந்தன, காதுக்குள் குசுகுசுத்து ஒரு நாட்டைத் திருப்பிப்போட ஆள் இல்லை. ஒற்றர்களின் தலைவர் வேரிஸ் ஒருத்தர் இருந்தார், அவரையும் ஐந்தாவது எபிசோடில் டிராகனைக் கொண்டு எரித்துவிட்டார்கள்.