தண்ணீரும் குளிரும் தக்காளிக்குச் செய்தது

நாற்றைத் தொட்டிக்கு மாற்றிய 68ஆம் நாள் முதல் பழத்தைப் பறித்தேன். உப்புகூடத் தொடாமல் ஒரு துண்டை வாயில் போட்டால், கடைத் தக்காளியின் அதே சப்பென்ற ருசி. அவ்வளவு நாள் காத்திருந்ததற்கு மனம் மிகவும் வாடிப்போனது.

சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையை அளக்க உதவும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டுச் சாறு விட்டேன். பிரிக்ஸ் என்னும் அந்த அளவு என் பழத்தில் 4.3, கடைப் பழத்தில் 4.1. காய் நன்றாகப் பருக்கட்டும் என்று காலையும் மாலையும் தொட்டி வழிய ஊற்றிவந்திருக்கிறேன். தக்காளியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். இனிப்பும் புளிப்பும் மணமும் மிச்சமுள்ள 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அதையும் நானே நீர்க்க வைத்துவிட்டேன்.

இரண்டு செடிகளில் ஒன்றுக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்தேன். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றியதில் இரண்டு காய்களின் அடி கறுத்து அழுகியது. நீர் சீராக ஏறாவிட்டால் கால்சியம் காயின் அடிவரை போய்ச் சேராது. பிறகு காய்ந்த இலைகளால் மூடாக்குப் போட்டு, தினமும் காலையில் ஒரே அளவு, முன்பு ஊற்றியதில் பாதி. மூன்று வாரம் கழித்துப் பறித்த பழம் 5.9 காட்டியது. அளவில் சிறியதுதான், ஆனால் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு நாக்கில் பட்டதும் அந்தப் புளிப்பும் உவர்ப்பும் கலந்த சுவை தெளிவாக எழுந்தது. நாக்குக்குச் சுவையூட்டும் குளூட்டமிக் அமிலம் சதையைவிட அங்கேதான் அதிகம். விதையை வழித்து எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்து மணம். அந்தச் செடியில் ஒரே நாளில் பழுத்த ஆறு பழங்களில் மூன்றை ஃப்ரிட்ஜில் வைத்தேன், மூன்றை அலமாரியில். ஏழாம் நாள் எல்லாவற்றையும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, தம்பியின் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தேன்.

"அண்ணா, முதலில் கொடுத்தது கடையில் வாங்கியதுதானே?"

அது ஃப்ரிட்ஜில் இருந்த நம் செடிப் பழம். பிரிக்ஸ் அளவு குறையவே இல்லை. மணம் மட்டும் போய்விட்டது. ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் இருந்தால், மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் சில அடங்கிவிடுகின்றன, வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாக மீள்வதில்லை.

கடைத் தக்காளியைக் குறை சொல்ல முன்போல் வாய் வரவில்லை. தொலைதூரம் போக வேண்டும் என்பதால் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்து, வழியில் குளிரிலும் வைக்கிறார்கள். போதாததற்கு, காய் முழுதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்ததில், வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தை வளர்க்கும் ஒரு மரபணு செயலிழந்து, காயே தயாரிக்கும் சர்க்கரையும் குறைந்தது. இது 2012இல்தான் தெரியவந்தது. என் செடியின் காய்களுக்குக் காம்போரம் கரும்பச்சைத் திட்டு உண்டு. முன்பு அதை அழகுக்குறை என்று நினைத்திருந்தேன்.

இப்போது மூன்றாம் கொத்தில் நான்கு செங்காய்கள். இரண்டைப் பறித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் செடியிலேயே பழுக்கின்றன. தம்பி மறுபடி கண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான்.