கடை ஊழியர்களின் இருக்கை உரிமை
தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அமர்ந்துகொள்ள ஏதுவாக ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தருவதைக் கடை உரிமையாளரின் கடமையாக்கியது. கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது; ஆலைத் தொழிலாளர்களுக்கோ 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில் அப்போதே இதற்கு வழி செய்திருந்தது.

ஆயினும் சேலம் கடைவீதியின் ஜவுளிக் கடைகளில், சேலைகளை விரித்துக் காட்டியும் மீண்டும் மடித்து அடுக்கியும் மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். வாடிக்கையாளர் வராத பிற்பகலிலும்கூட அவர்களில் பலர் அமர்வதில்லை. இருக்கையில் அமர்பவரை மேற்பார்வையாளர் முறைக்காமல் இருப்பதும் இச்சட்டத்தை மதிப்பதில் அடங்கும் என்றே கருதுகிறேன். தீபாவளி விற்பனை தொடங்குமுன் ஒவ்வொரு பிரிவிலும் முக்காலிகளையாவது போட்டுவைக்குமாறு நம் ஊர் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.